நூற்றுக்கு ஆறு குறைவு

மாடி அறைக் கம்ப்யூட்டரில் பிரிண்டரின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தொட்டால் மட்டும், உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

"வாசல் தெரியுது, உள்ள விடத்தான் மாட்டேங்குது," என்றான் அவன். "வைஃபை நல்லா இருக்கு. கீழ இருக்கிற கம்ப்யூட்டரும் கண்ணுல படுது. பிரிண்டரும் ஆன்லதான் இருக்கு."

"இதையெல்லாம் காலையிலேயே நானும் பார்த்தாச்சு," என்றாள் சின்னவள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிச்சேன். காலைப் பிடிச்சுக் கெஞ்சறது ஒண்ணுதான் பாக்கி."

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எந்தப் பழுதையும் அடித்தளத்தில் தொடங்கி ஒவ்வொரு தளமாக ஏறித்தான் பார்ப்பான். மனைவியின் குரலில் இருந்த சூட்டைக் கவனித்தாலும், அதை எந்தத் தளத்தில் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து கீழே போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

அந்த வீட்டில் மருமகள்கள் இருவர். மாமியார் கூப்பிட்ட பெயர்களே நிலைத்துவிட்டன: பெரியவள், சின்னவள். பெரியவளின் கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். பெரியவள் கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். கையில் எப்போதும் ஓர் எவர்சில்வர் அளவுகோல் இருக்கும். பிள்ளைகள் அவளுக்கு 'ஸ்கேல் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுக்கே பொதுவான பிரிண்டர் அவளுடைய அறையில், அவளுடைய கம்ப்யூட்டரில்தான் மாட்டியிருந்தது.

சின்னவள் மாடி அறையில் தைத்தாள். சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, தாள் தாளாக அச்சிட்டு, தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவாள். படித்துக் கற்ற வேலை. பிரிண்டர் இல்லாவிட்டால் கத்தரிக்கோல் நகராது.

ஒரு பல் மருத்துவமனையின் ஊழியர்களுக்குச் சீருடைச் சட்டை தைக்கும் ஆர்டர் அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. மாதிரிச் சட்டையைப் போட்டுப் பார்க்கத் தலைமை நர்ஸ் இன்று மாலை வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் அச்சிடப் போனால் பிரிண்டர் அனுமதி இல்லை என்றது. கீழே ஓடிப்போய் நேராக அங்கேயே அச்சிடலாம் என்றால், பெரியவள் அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். சின்னவள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் நல்ல மனிதர். ஓரத்தில் எதுவும் வெட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று, படம் தாளுக்குள் அடங்கும்படி லேசாகச் சுருக்கி அச்சிட்டுக் கொடுத்தார். எப்போதும் முதல் தாளை அளந்து பார்த்துவிட்டுத்தான் அவள் மற்றதைத் தொடுவாள். இன்று அளக்கவில்லை. நேரம் இல்லை.

மாலையில் கூடத்தில் டியூஷன் நடந்துகொண்டிருந்தபோது தலைமை நர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தோளில் பிடித்தது. நெஞ்சில் பொத்தான் எட்டவில்லை. கையைத் தூக்கியதும் அக்குளில் தையல் விட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க டியூஷன் பிள்ளைங்களுக்குத் தச்சியா?" என்று கேட்டாள் பெரியவள். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை நர்ஸும் பாவம், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள். போகும்போது, "வேற ஆள்கிட்ட பேசிக்கறேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

இப்போது அவன் பெரியவளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பெரியவள் சமையலறையில் இருந்தாள். பிரிண்டரை யார் யார் பயன்படுத்தலாம் என்ற பட்டியலைத் திறந்தான். அண்ணன் பெயர் இருந்தது. அண்ணி பெயர் இருந்தது. அவன் பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

"நான்தானே நாலு பேரையும் போட்டேன்," என்று முணுமுணுத்தான்.

"என் பேரு எங்க?"

"காணோம்."

"தானா உதிர்ந்து விழ அது என்ன மாம்பழமா?"

அவன் அவள் பெயரை மறுபடி சேர்த்தான். பெயருக்கு எதிரே சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. "எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டுடறேன். இனிமே உன்னை யாராலயும் தடுக்க முடியாது," என்றான். அவன் பழக்கமே அப்படி. எது தேவை என்று யோசிப்பதைவிட எல்லாவற்றையும் இறுக்கிவிடுவது அவனுக்குச் சுலபம்.

அவளுக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. அந்தக் கோபம் வேறு ஒன்றாக இறுகியது சாப்பாட்டு மேசையில்தான்.

"பிரிண்டருக்கு என்னடா ஆச்சு?" என்று மாமியார் கேட்டாள்.

பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவன் ஒரு கணம் அண்ணியைப் பார்த்தான். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

"நெட்வொர்க்ல ஏதோ கோளாறும்மா. சரி பண்ணிட்டேன்."

"கோளாறு இருந்தா முன்னாடியே பாத்துக்க வேண்டாமா? பொறுப்பு வேணும்," என்றாள் மாமியார் சின்னவளிடம். பிறகு, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவள்போல, "கூடத்துல பிள்ளைங்களுக்கு இடம் பத்தல. அந்த மாடி ரூம்ல டியூஷன் நடக்கட்டும். அடுத்த மாசத்துலேருந்து நீ உன் மிஷினை உங்க படுக்கை ரூம்லயே போட்டுக்கோ. ஆர்டர் வந்தா அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

பெரியவள் அப்போதும் தலை நிமிரவில்லை. ஆனால் பொரியல் கிண்ணத்தைச் சின்னவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த உபசரிப்பில் சின்னவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆர்டர் போனால் அறை காலி. பெயரை எடுத்தது அதற்குத்தான்.

"எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" என்று அறைக்குள் வந்ததும் கணவனைக் கேட்டாள்.

"சொல்லி என்ன ஆகப் போகுது? வீட்டுக்குள்ள சண்டைதான் வரும்."

"வரட்டுமே. என் அறையே போகுது, உங்களுக்குச் சண்டை வரக்கூடாதா?"

"அண்ணி அப்படி ஒண்ணும் கெட்டவங்க இல்லம்மா."

"நான் கெட்டவ," என்றாள் அவள். "இனிமே பாருங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் மாடியில் உட்கார்ந்து பிரிண்டரின் அமைப்புகளைத் திறந்தபோது, முன்பெல்லாம் மங்கலாகக் கிடந்தவை எல்லாம் பளிச்சென்று இருந்தன. கணவன் போட்ட டிக் அவளைப் பிரிண்டருக்கே எஜமானி ஆக்கியிருந்தது. கீழே யார் என்ன அச்சிடுகிறார்கள் என்பது தெரிந்தது. நிறுத்தலாம், அழிக்கலாம், மாற்றலாம்.

முதலில் சின்ன விளையாட்டுகள்தான். பெரியவள் ஏதாவது அச்சிட அனுப்பினால் இவள் மேலிருந்து நிறுத்திவைப்பாள். கீழே பிரிண்டரின் மூடி திறக்கும் சத்தம், மூடும் சத்தம், உருளையை ஊதும் சத்தம் எல்லாம் வரிசையாக வரும். "சனியன், நேத்து நல்லாத்தானே இருந்தது," என்று பெரியவள் புலம்பும்போது இவள் விட்டுவிடுவாள். தாள்கள் சடசடவென்று விழும். படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து இதைக் கேட்பது, நல்ல பாட்டைக் கேட்பதுபோல் இருந்தது.

ஆனால் பசிக்கு அது போதவில்லை. அந்தக் கிழிந்த சட்டையை எடுத்து, தன் கம்ப்யூட்டரில் இருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கம் அளந்தாலும் நூற்றுக்கு ஆறு குறைந்திருந்தது. அந்த எண் மனதில் தங்கிவிட்டது.

மாத முடிவில் பெரியவள் ஒரு தேர்வு வைப்பதாக இருந்தாள். பெற்றோர்களுக்கு மதிப்பெண்ணைக் காட்டி, மாடிக்கு மாறிய பிறகு இன்னும் பிள்ளைகளைச் சேர்ப்பது திட்டம். வடிவியல் தேர்வு. முக்கோணம், நாற்கரம், வட்டம். "கோட்டை அளந்து எழுதுக, கோணத்தை அளந்து எழுதுக" என்று கேள்விகள். விடைகளை அவள் முன்பே தனியாக எழுதி வைத்திருந்தாள். அவள் வரைந்தது அவளுக்குத் தெரியாதா.

தேர்வுக்கு முந்தின நாள் சின்னவள் பிரிண்டரின் பொது அளவை நூறிலிருந்து தொண்ணூற்று நான்காக மாற்றினாள். அந்த ஆறில் ஒன்று கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தாளைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஓரத்தில் வெள்ளை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

தேர்வு நடந்தது. பெரியவள் சாயங்காலமே திருத்தி முடித்தாள். மாடியில் இருந்தவளுக்கு அவள் குரல் கேட்டது.

"ஒரு கோட்டை அளக்கத் தெரியல உங்களுக்கு? ஸ்கேல்ல சைபர்ல வெச்சு அளக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்? எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிச்சீங்களா? எல்லாருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?"

பிள்ளைகள் தலைகுனிந்து போனார்கள். யாரோ ஒரு பெண் குழந்தை வாசல்வரை அழுதுகொண்டே போனது. சின்னவள் ஜன்னலை மூடினாள்.

மறுநாள் மாலை அந்தக் குழந்தையின் அம்மா வந்தாள். கட்டட வரைபடம் போடுபவள். கைப்பையிலிருந்து விடைத்தாளையும் தன்னுடைய அளவுகோலையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"டீச்சர், என் பொண்ணு தப்பா அளக்கல. நானே அளந்து பார்த்தேன். இந்தக் கோடு ஏழு சென்டிமீட்டர் இல்ல. ஆறரைக்குக் கொஞ்சம் மேலதான் வருது. பொழுதன்னைக்கும் நான் செய்யற வேலையே இதுதான்."

பெரியவள் தன் எவர்சில்வர் அளவுகோலை வைத்து அளந்தாள். இன்னொரு கோட்டை அளந்தாள். கோணமானி எடுத்துக் கோணங்களைப் பார்த்தாள். ஒரு தாளில் ஏதோ வகுத்துப் பார்த்தாள். பிறகு, "உக்காருங்க, இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். அவள் அந்தப் படியை மிதித்தே நாளாகியிருந்தது.

சின்னவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கோணம் எல்லாம் சரியா இருக்கு," என்றாள் பெரியவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீளம் மட்டும் குறையுது. எல்லாக் கோட்டுலயும் நூத்துக்கு ஆறு. படம் முழுசும் ஒரே மாதிரி சுருங்கினாத்தான் இப்படி வரும்."

"கணக்குல புலியாச்சே நீங்க."

"நீதானே பண்ணே?"

"சட்டையும் அவ்வளவுதான்க்கா குறைஞ்சுது. அளந்து பார்த்துட்டுத்தான் வெச்சேன். உங்ககிட்டேருந்து அதிகமா ஒண்ணும் எடுக்கல."

பெரியவள், "பிள்ளைங்க உன்னை என்னடி பண்ணாங்க?" என்று கேட்டாள். "அந்தக் குழந்தை ராத்திரி சாப்பிடலையாம்."

"என் சட்டையைப் பார்த்துச் சிரிச்சவங்கதானே." சொல்லி முடித்ததும் அந்தச் சொல் அவளுக்கே கசந்தது. சிரிக்கவைத்தவள் எதிரில் நிற்கும்போது, சிரித்தவர்களிடம் என்ன கணக்கு? ஆனால் அதைப் பெரியவளிடம் ஒப்புக்கொள்ள முடியாது. "நீங்க என் பேரை எடுத்தீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"எடுத்தேன்."

"இதையே கீழ வந்து அத்தைகிட்ட சொல்லுங்க."

"சொன்னா நீ பண்ணதையும் சொல்லுவேன்." பெரியவள் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "இங்க பாரு. எதுக்கு நமக்குள்ள? நீ அளவைச் சரி பண்ணிடு. பிரிண்டர் கோளாறுன்னு அந்த அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பண்ணதை நான் பார்க்கல, நான் பண்ணதை நீ பார்க்கல. ரூமை மட்டும் குடுத்துடு. புதுசா நிறைய பிள்ளைங்க சேரறாங்க, கூடத்துல மூச்சு முட்டுது."

பேசிக்கொண்டே அவள் அறையைக் கண்ணால் அளந்ததைச் சின்னவள் பார்த்தாள். கரும்பலகைக்கு அந்தச் சுவர், பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே குடி வந்துவிட்டாள்.

தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்வார்கள் என்று கேள்விப்பட்டபோதெல்லாம், அது யாரோ புத்தி கெட்டவர்கள் செய்கிற காரியம் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த மூக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஓரகத்தியைத் தாண்டிப் படியில் இறங்கினாள்.

கூடத்தில் மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வரைபடக்காரி டீ குடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த கணவன் கருவிப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அத்தை, கேள்வித்தாளோட அளவைக் குறைச்சது நான்தான்," என்றாள் சின்னவள். "தெரியாம நடக்கல. வேணும்னேதான் பண்ணேன்."

வரைபடக்காரி கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்னடி சொல்றே? ஏன் பண்ணே?"

"அதை அக்கா சொல்லுவாங்க."

படியில் பாதிவரை இறங்கியிருந்த பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கென்ன தெரியும்? அவ பேரை நான் எடுத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டு என்மேல கறுவிக்கிட்டு இருக்கா. அது நெட்வொர்க் கோளாறுன்னு உங்க பையனே அன்னைக்குச் சொன்னாரே அத்தை."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மாடியில் ஒப்புக்கொண்டவள் அவள்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். பழிவாங்கியது, மாட்டிக்கொண்டது, அறை, எல்லாமே இப்போது அந்த ஓர் ஆளின் வாயில் இருந்தது. அவன் மறுபடி கோளாறு என்று சொன்னால் அறையோடு வேறொன்றும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் பையை இறக்கி வைத்தான். அதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

"கோளாறு இல்லம்மா. பொய் சொன்னேன். பட்டியல்லேருந்து இவ பேரை எடுத்திருந்தாங்க."

"யாரு?"

"அந்த ரூம் சாவி யார்கிட்டம்மா இருக்கு?" அண்ணியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் சொன்னான். "அன்னைக்கு இவ ஆர்டர் போனது அதனாலதான். கடையில சுருக்கி அடிச்சுக் குடுத்துட்டாங்க."

மாமியார் கையில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒருத்தி பேரை அழிச்சா, இன்னொருத்தி அளவை அழிச்சா. நல்ல சம்பந்தம் எடுத்தேன். நான் பெத்த ரெண்டும் அடிச்சுக்கிட்டா ஆளுக்கு ஒரு அறை விட்டு முடிச்சுடுவேன். உங்களை எங்க அறையறது?"

துண்டை அடுக்கின்மேல் வைத்தாள்.

"மாடி ரூம் சின்னவளோடதுதான். அந்தப் பேச்சு முடிஞ்சுது," என்றாள். பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாதே. புருஷன் ஊர்ல இல்லாத பொண்ணுன்னு உனக்கு எல்லாத்தையும் விட்டுக் குடுத்தேன். பூட்டவும் பழகிட்டே." பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். "நீயும் சிரிக்காதே. நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி நின்னு, தப்பு உங்களோடது இல்ல, என்னோடதுன்னு சொல்லணும்."

சின்னவள் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு எங்கிருந்து தெரிந்ததோ.

"மார்க்கைத் திருத்திக் குடுத்தாப் போதும் எனக்கு," என்று எழுந்தாள் வரைபடக்காரி. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி பண்ணினா வீடே இடிஞ்சு விழும்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "இங்கயும் கிட்டத்தட்ட அப்படித்தான்," என்று சேர்த்துக்கொண்டு போனாள்.

மறுநாள் டியூஷன் நேரத்தில் சின்னவள் கூடத்தில் வந்து நின்றாள். பக்கத்தில் அளவுகோலோடு பெரியவள். பிள்ளைகள் ஆவலாகப் பார்த்தார்கள்.

"கேள்வித்தாள்ல படத்தை நான் சுருக்கிட்டேன். நீங்க அளந்தது எல்லாம் சரி. டீச்சர் போட்ட மார்க்குதான் தப்பு." கடைசி வாக்கியம் யாரும் கேட்காமலேயே வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் நன்றாக எடுபட்டது. முன்வரிசையில் அந்தப் பெண் குழந்தை இருந்தது. அதன் முன்னால் குனிந்து, "உன்னை அழ வெச்சதுக்கு ஸாரி," என்றாள். அதை மெய்யாகவே சொன்னாள்.

"அப்போ எங்களுக்கு முழு மார்க்கா?" என்றது குழந்தை.

"டீச்சரைக் கேளு."

"முழு மார்க்குதான்," என்றாள் பெரியவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பின்னாலிருந்து ஒரு குரல், "அடுத்த பரீட்சைக்கும் சுருக்குங்க ஆன்ட்டி," என்றது. அளவுகோல் மேசையில் பளாரென்று விழுந்தது.

பல் மருத்துவமனை ஆர்டர் திரும்பி வரவில்லை. சின்னவள் தலைமை நர்ஸுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவள் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டு, வேறு ஆளிடம் துணி கொடுத்தாயிற்று என்றாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஒரு பேக்கரிக்காரர் ஏப்ரன் கேட்டிருந்தார். சின்ன வேலைதான். அதற்கான தாள்களை மாடியில் பரப்பி, கணவன் தரையில் மண்டியிட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் கயிற்றைப் பிடித்துப் பழகிய விரலில் டேப் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"இப்ப திருப்தியா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள். யோசித்துவிட்டு, "நீங்க சொன்னீங்களே, அது மட்டும் கொஞ்சம்," என்றாள்.

அவன் காது சிவந்தது. அதை மறைக்க இன்னொரு தாளை எடுத்தான்.

கீழே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடுத்த தேர்வை அச்சிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் சத்தம் நின்றது. பிறகு படிக்கட்டின் அடியிலிருந்து, மிகவும் யோசித்து எடுத்த குரல் ஒன்று வந்தது.

"தாள் தீர்ந்துபோச்சு. கடையும் மூடியிருப்பான். உன்கிட்ட ஒரு கட்டு இருக்காம்மா?"

பிரிக்காத கட்டு ஒன்று கணவனின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இல்லையேக்கா," என்றாள் சின்னவள், தேன் ஒழுகும் குரலில்.

அவன் காலை நீட்டி, அந்தக் கட்டை மேசைக்கு அடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். "அடுத்தது எந்தப் பக்கம் ஒட்டணும்?" என்று கேட்டான்.